இமேஜ் இருக்கிறது, சரி, எங்கே இறக்குவீர்கள்?

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களின் சர்வர் அறையில் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: "விசென்டர் போயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" பெரும்பாலும் யோசிக்காமலே பதில் வரும். "இமேஜ் பேக்கப் தினமும் ஓடுதுங்க சார். அரை மணி நேரத்துல தூக்கி நிறுத்திரலாமுங்க." பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருப்பவரும் இதையேதான் சொல்வார். பேக்கப் சாஃப்ட்வேர் விற்க வருகிறவர் காட்டும் டெமோவிலும் இதுதான். முதலாளிக்கு ராத்திரி வரும் மெயிலில் பச்சை நிறத்தில் 'சக்சஸ்' என்று இருக்கிறது. அதற்கு மேல் யாருக்கு என்ன கவலை?

அந்தப் பதில் தவறு என்பது என் கட்சி. இமேஜ் பேக்கப்பை, அதாவது ஒரு மெஷினை முழுதாகப் பிரதி எடுக்கும் முறையை, குறை சொல்ல வரவில்லை. ஈஆர்பி சர்வருக்கும் டேலி சர்வருக்கும் அதைவிட நல்ல வழி கிடையாது. அந்த சர்வர்களுக்குச் செல்லும் நியாயத்தை, அவற்றையெல்லாம் கட்டி மேய்க்கும் சர்வருக்கும் அப்படியே செல்லும் என்று நினைப்பதில்தான் கோளாறு.

விவரம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இன்றைய பனியன் கம்பெனியில் ஈஆர்பி, வருகைப் பதிவு, வாரச் சம்பளக் கணக்கு, கட்டிங் பிரிவின் மார்க்கர் ஃபைல்கள், மெர்ச்சண்டைசர்களின் ஆர்டர் ஃபைல்கள் எல்லாம் இரண்டு மூன்று பெட்டிகளுக்குள் விர்ச்சுவல் மெஷின்களாக ஓடுகின்றன. அந்தப் பெட்டிகள் ஹோஸ்ட்கள். அவற்றில் இருப்பது விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ. எல்லா ஹோஸ்ட்களையும் ஒரே திரையில் வைத்து நிர்வகிப்பது விசென்டர். அந்த விசென்டரும் இன்னொரு விர்ச்சுவல் மெஷினாக, தான் நிர்வகிக்கும் அதே ஹோஸ்ட்களில் ஒன்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சிக்கல் முழுக்க இந்த ஒரு அமைப்பிலிருந்து கிளம்புகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். விசென்டர் நின்றால் கம்பெனி நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதிலிருந்தவற்றை இன்னொன்றில் எழுப்பும் ஹெச்ஏ வசதிகூட ஹோஸ்ட்களுக்குள்ளேயே இருப்பதால், விசென்டர் இல்லாமலும் வேலை செய்யும். ஓடும் மெஷினை ஹோஸ்ட் மாற்றுவதும், சுமையைத் தானாகப் பங்கிடுவதும், விசென்டர் வழியாகப் போகும் ராத்திரி பேக்கப்பும்தான் நிற்கும். தையல் லைனில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆகவே பதறத் தேவையில்லை, காலையில் இமேஜை இறக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். விசென்டர் மட்டும் தனியாகச் செத்துப்போகும் நாளுக்கு இது சரியான பேச்சு.

அது அப்படித் தனியாகச் சாவது அபூர்வம். ஸ்டோரேஜ் பெட்டி பழுதானால் அதன் மேலிருந்த எல்லாமே சேர்ந்து விழும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் ஜெனரேட்டர் எடுக்காமல், யுபிஎஸ்ஸும் தீர்ந்துபோனால் எல்லாம் ஒரே நொடியில் அணையும். திரும்பி வரும்போது எது முதலில் எழ வேண்டும் என்ற ஒழுங்கு இருக்காது. ரான்சம்வேர்க்காரன் உள்ளே வந்தால் விசென்டரைத்தான் முதலில் தேடுவான், ஏனென்றால் எல்லாக் கதவுகளின் சாவியும் அங்கே இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பரவிய ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் தாக்குதல் நேராக ஹோஸ்ட்களையே குறிவைத்தது. இமேஜ் தேவைப்படும் நாள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நாளாகத்தான் இருக்கும்.

அந்த நாளில் என்ன நடக்கும் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பேக்கப் சாஃப்ட்வேரைத் திறந்து, விசென்டரின் நேற்றைய இமேஜைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டோர் அழுத்துகிறீர்கள். எங்கே இறக்குவது என்று அது கேட்கிறது. அதற்குத் தெரிந்த ஹோஸ்ட்கள் எல்லாம் விசென்டர் வழியாகத் தெரிந்தவை. விசென்டர்தான் இல்லையே! சரி, ஒரு ஹோஸ்ட்டை நேரடியாகச் சேர்ப்போம் என்றால் அதன் ரூட் பாஸ்வேர்ட் வேண்டும். மூன்று வருடம் முன்பு யார் வைத்தது? அவர் இப்போது கோயம்புத்தூரில் வேறு வேலையில் இருப்பார். பாஸ்வேர்ட் கிடைத்து உள்ளே போனாலும், 'இந்த ஹோஸ்ட் விசென்டரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று அது சில வேலைகளை மறுக்கக்கூடும். ரீஸ்டோர் பாதியில் நிற்கும். ஹோஸ்ட்டை விசென்டரிலிருந்து பிரித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டியிருக்கும். பாதுகாப்புத் தணிக்கைக்காக யாரோ லாக்டவுன் மோடைக் கடுமையான நிலையில் வைத்து, விதிவிலக்குப் பயனர் ஒருவரையும் சேர்க்காமல் விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அந்த ஹோஸ்ட்டுக்குள் நுழைய விசென்டரைத் தவிர வழியில்லை. ஈஎஸ்எக்ஸ்ஐயை மறுபடி நிறுவ வேண்டியதுதான்.

இதையெல்லாம் தாண்டி இமேஜ் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மெஷின் பவர் ஆகிறது. ஆனால் நெட்வொர்க் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் 'அரை மணி நேரம்' ஒரு முழு ராத்திரியாக மாறுவது இங்கேதான். கொஞ்சம் பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் தனித்தனி சுவிட்ச் வைக்காமல், டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்ச் போட்டிருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா ஹோஸ்ட்டிலும் மாறும். அதில் போர்ட் குரூப்கள் வழக்கமாக 'ஸ்டாட்டிக் பைண்டிங்' முறையில் இருக்கும். அதாவது, ஒரு மெஷினுக்கு ஒரு போர்ட்டை ஒதுக்கிக் கொடுக்கும் அதிகாரம் விசென்டருக்கு மட்டுமே. ஏற்கெனவே ஓடும் மெஷின்களுக்குத் தொல்லை இல்லை, அவற்றின் ஒதுக்கீட்டை ஹோஸ்ட் நினைவில் வைத்திருக்கும். புதிதாக வந்து இறங்கும் மெஷினுக்குப் போர்ட் கொடுக்க விசென்டர் வேண்டும். வந்து இறங்கியிருப்பதோ விசென்டரேதான். போர்ட் கிடைத்தால்தான் அது வேலை செய்யும், அது வேலை செய்தால்தான் போர்ட் கிடைக்கும். ராத்திரி 2 மணிக்கு இதைக் கண்டுபிடிக்கும் இன்ஜினியர், ஒரு ஹோஸ்ட்டின் நெட்வொர்க் கார்டு ஒன்றைப் பிடுங்கி, சாதாரண சுவிட்ச் ஒன்றைக் கட்டி, விஎலான் எண்ணைத் தேடிப் போட்டு, ஒருவழியாக இணைப்பார். கை தவறினால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஈஆர்பியும் சேர்ந்து போகும்.

இதற்கான மருந்து விலையில்லாதது. விசென்டருக்கென்று 'எஃபெமரல்' வகைப் போர்ட் குரூப் ஒன்றை முன்கூட்டியே செய்து வைத்தால், அதில் ஹோஸ்ட்டே நேரடியாக இணைத்துக்கொள்ளும். மவுஸில் பத்துப் பதினைந்து கிளிக் வேலை. இதைச் செய்து வைக்காத இடங்கள்தான் அதிகம். இமேஜ் ஓடுகிறது என்ற நிம்மதி இதையெல்லாம் யோசிக்க விடுவதில்லை.

அடுத்தது டிஎன்எஸ். விசென்டர் எழும்போது தன் பெயரைக் கேட்டு முகவரியும், முகவரியைக் கேட்டுப் பெயரும் சரியாக வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் அதன் சர்வீஸ்கள் தடுமாறும். டிஎன்எஸ் தரும் டொமைன் கன்ட்ரோலர் எங்கே ஓடுகிறது? அதே ஹோஸ்ட்களில், இன்னொரு விர்ச்சுவல் மெஷினாக. ஆக அதை முதலில் எழுப்ப வேண்டும். இந்த வரிசை எந்த பேக்கப் ரிப்போர்ட்டிலும் இருக்காது.

காலம் இன்னொரு எதிரி. விசென்டர் ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் விபிஎக்ஸ்யூசர் என்று ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, அதன் பாஸ்வேர்டை இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றும். இமேஜ் எடுத்த பிறகு அது மாறியிருந்தால், மீண்டு வந்த விசென்டர் பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டும், ஹோஸ்ட் திறக்காது. ஒவ்வொன்றையும் ரூட் பாஸ்வேர்ட் கொடுத்து மறுபடி இணைக்க வேண்டும். இமேஜுக்குப் பிறகு சேர்த்த ஹோஸ்ட், புதிதாகச் செய்த மெஷின், மாற்றிய அனுமதி எதுவும் அதற்குத் தெரியாது. கிளஸ்டரின் நிலையை ஹோஸ்ட்களிடமிருந்தே கேட்டுச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு ஈஎஸ்எக்ஸ்ஐயும் விசென்டரும் சேர்ந்த விஸ்பியர் தொகுப்பின் 8-ஆம் பதிப்பில் வந்திருக்கிறது. ஆனால் அது கிளஸ்டர் நிலைக்கு மட்டும்தான், எல்லாவற்றுக்கும் ஈடாகாது.

இத்தனை சொன்ன பிறகு எதிர் முகாமிலிருந்து ஒரு குரல் வரும். "அதனாலதான் சொல்றோம், விசென்டருக்கு ஃபைல் பேக்கப் மட்டுந்தான் எடுக்கோணும், இமேஜ் செல்லாது." இவர்களும் பாதிதான் சரி. விசென்டருக்குள்ளேயே இருக்கும் ஃபைல் வழி பேக்கப் 6.5 பதிப்பில் வந்தது. நேரம் குறித்துத் தானாக ஓடும் வசதி 6.7-இல் சேர்ந்தது. நல்ல கருவி, கட்டாயம் பயன்படுத்த வேண்டியது. ஆனால் இமேஜ் முறையையும் விஎம்வேர் தன் ஆவணங்களில் ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது. ஓடும்போது இமேஜ் எடுத்தால் டேட்டாபேஸ் கட்டாயம் உடைந்திருக்கும் என்பதும் மிகைப் பேச்சு. உள்ளே இருப்பது போஸ்ட்கிரெஸ். திடீரென்று மின்சாரம் போனால் எப்படித் தன் குறிப்பேட்டிலிருந்து சரிசெய்துகொண்டு எழுமோ, அப்படியே இமேஜிலிருந்தும் எழும்.

ஃபைல் முறைக்கு இப்போது புதிதாக ஒரு பலவீனமும் சேர்ந்திருக்கிறது. அதில் மீட்க, முதலில் புதிய விசென்டர் ஒன்றை நிறுவி, அதற்குள் பழைய தரவைக் கொட்ட வேண்டும். நிறுவ அதே பதிப்பின், அதே பில்டின் ஐஎஸ்ஓ, அதாவது நிறுவல் ஃபைல் வேண்டும். 2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நின்றது. பழைய உரிமத்தை வைத்துக்கொண்டு, சப்போர்ட்டைப் புதுப்பிக்காமல் ஓட்டும் நிறுவனங்கள் இப்போது நினைத்த நேரத்தில் பழைய ஐஎஸ்ஓவைத் தரவிறக்க முடியாது. என்ஏஎஸ் சேமிப்புப் பெட்டியில் ஒரு பிரதி வைத்திருந்தால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் ஃபைல் பேக்கப் கையில் இருந்தும் பயனில்லை. அப்போது இமேஜ்தான் கைகொடுக்கும். ஆகவே இரண்டும் வேண்டும். ஒன்றே போதும் என்று சொல்லும் இரண்டு முகாம்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவது முகாம் ஒன்று உண்டு. எதையும் மீட்க வேண்டாம், புதிதாக ஒரு விசென்டர் போட்டு ஹோஸ்ட்களைச் சேர்த்துக்கொண்டால் முடிந்தது என்பவர்கள். இரண்டே ஹோஸ்ட், சாதாரண சுவிட்ச், பத்துப் பன்னிரண்டு மெஷின் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு இது மிகச் சரியான யோசனை. அங்கே இமேஜைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்கக் கூடாது. அதைவிடப் பெரிய இடத்தில் விலை வேறு. அனுமதிகள், ஃபோல்டர்கள், அலாரங்கள், பழைய வரலாறு எல்லாம் போகும். யாரும் எதிர்பார்க்காத அடி பேக்கப்பிலேயே விழும். ஒவ்வொரு மெஷினையும் பேக்கப் சாஃப்ட்வேர் அடையாளம் காண்பது விசென்டர் கொடுத்த உள் எண்ணை வைத்து. புதிய விசென்டர் புதிய எண்களைக் கொடுக்கும். எல்லாமே புது மெஷின்கள் என்று நினைத்து பேக்கப் சாஃப்ட்வேர் அன்று ராத்திரி முதலிலிருந்து முழு பேக்கப் எடுக்கத் தொடங்கும். பழைய சங்கிலியும் டிஸ்கில் இருக்கும். விடிவதற்குள் டிஸ்க் நிரம்பிவிடும். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்புக்குப் பதிலாக விர்ச்சுவல் டிபிஎம் போட்டிருந்தால், அதன் சாவியைத் தனியாக எடுத்து வைத்திருந்தால் ஒழிய அந்த மெஷின்களைத் திறப்பது கேள்விக்குறி.

இது வெறும் கணினிக்காரர்களின் கவலை என்று நினைப்பவர்களுக்கு மெர்ஸ்க்கின் கதையைச் சொல்ல வேண்டும். நம் ஊர் சரக்கும் அந்தக் கம்பெனியின் கண்டெய்னர்களில் போகிறது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீங்கு நிரல் அந்த நிறுவனத்தைத் தாக்கியது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அது நடத்தும் முனையம்கூட ஸ்தம்பித்தது. மெர்ஸ்க்கிடம் பேக்கப் இல்லாமல் இல்லை. தனித்தனி சர்வர்களுக்கு மூன்று முதல் ஏழு நாள் பழைய பேக்கப்கள் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று: யார் எதற்குள் நுழையலாம் என்று சொல்லும் டொமைன் கன்ட்ரோலர்களின் பேக்கப். சுமார் 150 கன்ட்ரோலர்கள், ஒன்றுக்கொன்று பிரதி. ஒன்று போனால் மற்றது காக்கும் என்ற நம்பிக்கை. எல்லாம் ஒன்றாகப் போயின. கானா நாட்டு அலுவலகத்தில் மின்வெட்டால் தொடர்பறுந்து கிடந்த ஒன்று மட்டும் தப்பியது. அதன் டிஸ்க்கை ஆள் மாற்றி ஆள் விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்துதான் மீட்பைத் தொடங்கினார்கள். 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள் புதிதாக நிறுவப்பட்டன. வேலை செய்யும் சர்வர்களுக்கெல்லாம் பிரதி இருந்தும், அவற்றை ஆளும் சர்வருக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஒரு மின்வெட்டு காப்பாற்றியது என்பதை நம் ஊர்க்காரர்கள் ரசிப்பார்கள்.

திருப்பூர் எதையும் வாய்ப்பேச்சில் நம்பும் ஊர் கிடையாது. சாயப்பட்டறையிலிருந்து துணி வந்தால், 'ஜிஎஸ்எம் சரியா இருக்குங்க' என்று சொன்னதை நம்பி யாரும் கட்டிங் டேபிளில் விரிக்க மாட்டார்கள். துண்டு வெட்டி, துவைத்து, சுருக்கம் எத்தனை சதவீதம் என்று அளந்த பிறகுதான் கத்தி இறங்கும். அந்த அறிவு சர்வர் அறை வாசலில் நின்றுவிடுகிறது. பச்சை மெயில் சொல்வது, பிரதி எடுத்தாயிற்று என்பதை மட்டும்தான். அந்த மெயிலையும் முழுதாக நம்ப முடியாது என்பதற்கு கிட்லேப் நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று பட்ட பாடு உதாரணம். அவர்களின் டேட்டாபேஸ் பேக்கப் பதிப்புப் பொருத்தம் இல்லாமல் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வி மெயில்களும் மெயில் சர்வரில் தடுக்கப்பட்டு யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. டேட்டாபேஸ் அழிந்துபோவதற்கு ஆறு மணி நேரம் முன் தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் மானத்தைக் காத்தது.

சோதிப்பது கடினமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விசென்டர் இமேஜை வேறு பெயரில், நெட்வொர்க் கார்டைத் துண்டித்த நிலையில், ஒரு ஹோஸ்ட்டில் நேரடியாக இறக்குங்கள். ஓடுகிற விசென்டரைத் தொட வேண்டாம். ஒரே முகவரியில் இரண்டும் நெட்வொர்க்கில் வரக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ரூட் பாஸ்வேர்ட் தெரியுமா, பேக்கப் சாஃப்ட்வேர் ஹோஸ்ட்டோடு நேராகப் பேசுமா, எஃபெமரல் போர்ட் குரூப் இருக்கிறதா என்ற மூன்றுக்கும் அன்றைக்கே விடை கிடைத்துவிடும். விசென்டர் எந்த ஹோஸ்ட்டில் இருக்கிறது என்று தேடாமல் இருக்க, சுமையைப் பங்கிடும் டிஆர்எஸ் வசதி உங்களிடம் இருந்தால் அதில் விதி போட்டு ஒன்றிரண்டு ஹோஸ்ட்டுக்குள் நிறுத்தி வையுங்கள். முகவரிகள், விஎலான் எண்கள், பாஸ்வேர்ட்கள், எழுப்பும் வரிசை எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்துப் பூட்டி வையுங்கள். சர்வரில் சேமித்த எக்செல் ஷீட் அந்த ராத்திரி திறக்காது.

நிஜமான தாக்குதல் என்றால் இன்னொன்றும் சேரும். பழுதான விசென்டரின் மேலேயே இமேஜை ஏற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை. அது தடயத்தை அழிக்கும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவுப்படி, சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பழையதை அணைத்து ஒதுக்கிவிட்டுப் புதிதாக இறக்குவதே முறை.

'விஎம்வேரே வேண்டாம், பிராக்ஸ்மாக்ஸ் என்ற மாற்று மென்பொருளுக்குப் போகிறோம், அங்கே தனி நிர்வாக சர்வரே கிடையாது' என்று சிலர் தப்பிக்கப் பார்க்கிறார்கள். தனி சர்வர் இல்லை என்பது உண்மை. ஆனால் கிளஸ்டரின் அமைப்பு விவரம் ஹோஸ்ட்களுக்குள் ஒரு சிறிய டேட்டாபேஸில் இருக்கிறது; மெஷின்களுக்கு எடுக்கும் வழக்கமான பேக்கப்பில் அது வராது. பிரச்சினை வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாகக் காசுப் பேச்சு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டர்களே ஆடிப்போன ஊர் இது. ஐடிக்குச் செலவழிக்கச் சொன்னால் முதலாளிகள் முகம் சுளிப்பது நியாயம். ஆனால் மேலே சொன்னதில் எதற்கும் புதிதாக உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஃபைல் பேக்கப் வசதி விசென்டரிலேயே இருக்கிறது, ஏற்கெனவே இருக்கும் என்ஏஎஸ்ஸுக்கே எஸ்எஃப்டிபி வழியாக அனுப்பலாம். ஒரு ஞாயிறும் ஒரு ஆளின் சம்பளமும்தான் செலவு. சனிக்கிழமை வாரச் சம்பளம் போட முடியாமல், கேட் வாசலில் ஆட்கள் நிற்கும்போதோ, பேக்கிங் லிஸ்ட் எடுக்க முடியாமல் தூத்துக்குடி கப்பலைத் தவறவிட்டு ஏர் ஷிப்மென்ட் போடும்போதோ ஆகும் செலவோடு முதலாளிகளே ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

பராமரிப்பு ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். 'தினசரி பேக்கப்' என்று எழுதியிருக்கும். ரீஸ்டோர் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால், அடுத்த வருடப் புதுப்பிப்பு பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன், விசென்டரை உங்கள் கண்ணெதிரே, உங்கள் ஹோஸ்ட்டில், விசென்டரின் உதவி இல்லாமல் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.